உப்புக் கரிக்காத கிணறு

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில் மரக்காணம் போனேன். உப்பளம் பார்க்கப் போகிறவர்கள் கேமராவோடு போவார்கள். நான் மீன் தொட்டிக் கடையில் வாங்கிய நைட்ரேட் சோதனைப் பட்டையோடு போனேன். முந்தின நாள் சாயங்காலம், அந்தப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஸ்டெல்லா போனில், "பாப்பாவுக்கு உதடு லேசா நீலமா இருக்குதுண்ணா, சளின்றாங்க" என்றாள். பாப்பாவுக்கு இரண்டு மாதம், புட்டிப்பால். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன், மருந்து கொடுத்தாச்சு என்றாள். தண்ணீரில் நைட்ரேட் ஏறினால் கைக்குழந்தைக்கு உதடு நீலமாகும் என்று எங்கோ படித்தது தூங்கவிடவில்லை.

புதுச்சேரியில் காலை ஆறு மணி பஸ், முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பொம்மையார்பாளையம் தாண்டியும் வண்டிப் புகை விடவில்லை. இந்தப் புகையிலிருந்தும் வயலில் கொட்டும் யூரியாவிலிருந்தும் கிளம்பும் நைட்ரஜன் காற்றில் கலந்து மழையோடு நைட்ரேட்டாக இறங்குகிறது. மணல் பூமியில் நிற்காது. உரத்தில் மிஞ்சியதையும் சேர்த்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விடும்.

மரக்காணத்திலிருந்து ஆட்டோ, நூறு ரூபாய். ஊர்ப் பெயரைச் சொன்னதும் டிரைவர், "அந்த ஊர் கெணத்துல சொட்டு உப்பு இருக்காது சார், தைரியமா குடிங்க" என்றார். பையில் பட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் அந்தோணி உப்பளத்தில் வேலை செய்கிறவர். அங்கே தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். கரித்தால் கொட்டுவார்கள், கரிக்காவிட்டால் குடிப்பார்கள். "உப்புலயே கெடக்கறோம், நல்ல தண்ணி எங்களுக்குத் தெரியாதா மச்சான்?" என்று சிரித்தார். நைட்ரேட்டுக்கு ருசியே கிடையாது மாப்பிள்ளை என்றேன். சிரிப்பு நின்றது.

நைட்ரேட் கூடக் கூடப் பட்டை சிவக்கும். கிணற்றுத் தண்ணீரில் ரோஸ் ஆனது. பாப்பாவுக்கென்று கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் நனைத்தேன், நல்ல சிவப்பு. "சளிக்கு நல்லதுன்னு பாதியா சுண்டற வரைக்கும் வெச்சேன்ண்ணா" என்றாள் ஸ்டெல்லா. கிருமி செத்திருக்கும். தண்ணீர் ஆவியாகப் போக, நைட்ரேட் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கார் பிடித்துப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் பாப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் சோதித்த டாக்டர், தண்ணீர்தான் காரணம் என்று சொல்லி மருந்து ஏற்றினார். சாயங்காலம் உதடு சிவந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கைக்குழந்தையோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் சோதித்த தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். பட்டையை மட்டும் நம்பாதீர்கள், ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. உதடு நீலமானால் பட்டையும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் முதல் நாளே கிளம்பியிருக்க வேண்டும்.

அன்று வார்டில் பால் கலக்க நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தார். ஸ்டெல்லா பழக்கத்தில் ஒரு சொட்டை நாக்கில் விட்டாள். புட்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"நல்லாத்தான் இருக்குதுண்ணா" என்றாள். "அதான் பயமா இருக்குது."