வேன் டிரைவரின் கண்

செங்கம் ரோட்டில் ஒரு கண் கிளினிக்கில் இருபத்தாறு வருஷம் பார்வை பரிசோதனை செய்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஏழுமலை ஸ்கூல் வேன் டிரைவர். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சர்ட்டிபிகேட் கேட்டு வந்தார். வலது கண்ணை மூடிக்கொண்டு சார்ட்டைப் படிக்கச் சொன்னேன். ஆங்கில எழுத்துகளைக் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தார். நான் போட்டிருந்தது தமிழ் சார்ட்.

"வெளிய உக்காந்து மத்தவங்க படிச்சத கேட்டீங்களாண்ணே?"

அசடு வழிந்தார். "ஒரு மணி நேரம் உக்காந்தேன் மேடம். மனப்பாடமாயிடுச்சு."

"பத்தாவதுல இப்படிப் படிச்சிருந்தா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்லயே வேலை கெடச்சிருக்கும்."

இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் மேல் வரியே தெரியவில்லை. என் சிரிப்பு நின்றது.

"லீவுல ஆபரேஷன் பண்ணிக்கிறேன் மேடம். ஸ்கூலுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

"அதுவரைக்கும்?"

"பழகின ரோடு. கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

"இப்பவே பாதி மூடிக்கிட்டுதாண்ணே ஓட்டுறீங்க."

டாக்டர் சர்ட்டிபிகேட் தர மறுத்தார். வண்டியைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார். "சாயங்கால டிரிப் இருக்கு சார்" என்று ஏழுமலை சாவியை எடுத்தார்.

ஸ்கூலுக்குச் சொல்லிவிடலாமா என்று டாக்டரைத் தனியே கேட்டேன்.

"பேஷண்ட் விஷயம் வெளிய போகக்கூடாதுன்னு உனக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தாம்மா."

"வேன்ல வர்ற புள்ளைங்க நம்ம பேஷண்ட் இல்லதான் சார். அவங்களுக்கு யார் சொல்றது?"

டாக்டர் மேஜையிலிருந்த போனை என் பக்கம் நகர்த்தினார். "சரி, போன் பண்ணு. அவர எதிர்ல வெச்சுக்கிட்டே பண்ணு. இப்போதைக்கு ஓட்டக்கூடாதுங்கறத மட்டும் சொல்லு."

ஏழுமலையை எதிரில் உட்கார வைத்து ஸ்கூலுக்குப் போன் செய்தேன். அவருக்குச் சர்க்கரை இருந்ததை நான் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் ஏழுமலை, "உங்கள நம்பித்தான மேடம் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்கூலில் மாற்று டிரைவர் போட்டார்கள். ஏழுமலை ஆபரேஷன் செய்துகொண்டு, டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி, அதே வேனுக்குத் திரும்பினார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்வை நன்றாக வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

தொழில் தர்மம், பொது தர்மம் இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதை எனக்கு விளக்கத் தெரியாது. அடுத்த வருஷம் ஓர் ஆட்டோ டிரைவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்த ஏழுமலைதான் அதைத் தெளிவாகச் சொன்னார்:

"பயப்படாம காட்டுடா. மேடம் எதையும் யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க. கண்ணு தெரியாம வண்டி ஓட்டுனா மட்டும் ஊருக்கே சொல்லிடுவாங்க."