எதிர்வரிசையின் கடைசி விளக்கு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அன்று ஓடுபாதையில் விளக்குப் பிடித்தவர்களில் நானும் ஒருத்தன். நான் பார்க்காததை ஜெமைமாவே என்னிடம் சொன்னாள். அவள் கதை கட்டுகிற ரகம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏரிப் பனி உடைந்து அவள் புருஷன் ஏப்ராம் உள்ளே போனான். உடல் கிடைக்கவில்லை. அதிலிருந்து தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவள்.

ஜனவரி மாதம். மாலை ஐந்தே கால். வடகோடிப் பனிப்பிரதேசமான எங்கள் பக்கம் அதற்குள் கும்மிருட்டு. ஊர் ரேடியோவில் பிங்கோ எண் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே ஒரு எண்தான் பாக்கி. அப்போது பார்த்துத்தானா ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்புச் சொல்ல வேண்டும்?

"ஓடுபாதை விளக்கு செத்துப்போச்சு. ஜோலீனைக் கூட்டிட்டுப் போக விமானம் வருது. பனிவண்டி இருக்கறவங்க எல்லாம் கிளம்புங்க."

ஜோலீன் ஜெமைமாவின் ஒரே மகள். ஏழு மாதக் கர்ப்பம். மதியத்திலிருந்து ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி தெற்கே, ஒன்றரை மணி நேரப் பறப்பு. சாலை கிடையாது. விமானம் இறங்காவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும்.

இந்த மாதிரி நேரத்தில் பாதையின் இருபுறமும் பனிவண்டிகளை நிறுத்தி, முகப்பு விளக்கைப் போடுவோம். ஏரிப்பக்கம் இருக்கும் கடைசி இரண்டு இடம் நோயாளியின் வீட்டாருக்கு. விமானம் அதைத் தாண்டினால் ஏரிதான். அந்தப் பொறுப்பை வேறு யாரும் ஏற்க மாட்டார்கள்.

ஜெமைமா இடது கோடியில் நின்றாள். வலது கோடி அவள் கொழுந்தன் எசாயாவுக்கு. அங்கே யாரும் இல்லை.

"இவன் என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கான்" என்று முனகினாள்.

ஐந்து நாற்பதுக்கு எதிரே ஒரு விளக்கு எரிந்தது.

மங்கலான மஞ்சள். எசாயாவின் புது வண்டிக்கு வெள்ளை விளக்கு அல்லவா? இன்ஜின் சத்தமும் இல்லை... காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கையை உயர்த்தினாள். எதிரிலும் ஒரு கை உயர்ந்தது. மெதுவாக.

விமானம் இறங்கியது. கோடி விளக்குகளுக்குச் சற்று முன்னால் நின்று, திரும்பி, பாதையின் மறுகோடியில் இருந்த கொட்டகையருகே போனது. தூரத்தில் ஒரு சிவப்புப் போர்வையைத் தூக்கி ஏற்றினார்கள். மகளை ஒரு தடவை தொட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லையாம். கையும் மனசும் ஒரே மாதிரி மரத்துப் போயிருந்தன என்றாள்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. நர்ஸ் மேரிபெல்.

"ஜெமைமா, துணைக்கு ஒரு ஆள் வரலாம். வர்றீங்களா?"

அவள் வண்டி பழசு. ஆக்ஸிலரேட்டரை விட்டால் விளக்கு போய்விடும். விமானம் மறுபடி மேலே ஏற வேண்டுமே.

எதிரே பார்த்தாள். விளக்கு அப்படியே எரிந்தது. பக்கத்தில் இருந்த உருவம் விமானத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தது.

"எதிர்ல நின்னவர் வர்றாரு. அவரை ஏத்திக்கோ."

"சரி."

உருவம் பாதை நடுவே போனது.

மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி உறைகுளிர். தலையில் தொப்பி இல்லை.

பனியில் காலடிச் சத்தம் இல்லை...

கதவு மூடியது. ஆறு இரண்டுக்கு விமானம் ஏறியது.

எதிரே திரும்பினாள்.

இருட்டு.

கொட்டகையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தோம். எசாயா மூச்சு வாங்க உள்ளே வந்தான்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. வண்டி ஸ்டார்ட்டே ஆகல. இப்பத்தான் நடந்து வர்றேன்."

"அப்ப எனக்கு எதிர்ல நின்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். எசாயா வராததால் வலது வரிசையில் கடைசி வண்டி என்னுடையது. எனக்கு அப்பால் ஒரு விளக்கும் இல்லை. அதைச் சொன்னேன். அவள் டீயைக் குடித்து முடித்தாள்.

ஒன்பதரைக்கு அவள் வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மேரிபெல் பேசினாள். ஜோலீன் பிழைத்துவிட்டாள். குழந்தை இல்லை. விமானம் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே, ஏரிக்கு மேலே பறக்கும்போது, வயிற்றுக்குள்ளேயே அதன் இதயத் துடிப்பு நின்றுவிட்டது.

"நீங்க சொன்ன ஆள் வரவே இல்ல ஜெமைமா. கதவைத் திறந்து வச்சுக் காத்திருந்தோம்."

அப்புறம் ஜோலீன் போனை வாங்கினாள். குரலில் அழுகை இல்லை. தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி இருந்தது.

"அப்பா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரும்மா. உடம்பெல்லாம் ஈரம். குழந்தைக்குக் குளிரும்னு சொன்னேன்... கேக்கல. தூக்கிட்டு வழியிலேயே இறங்கிட்டாரு."

ஜெமைமா ஜன்னல் வழியே ஏரிப்பக்கம் பார்த்தாள்.

"நீதான் அனுப்பி வச்சதாச் சொன்னாரு."