ஒருவரும் இல்லாத நாடுகள்

நெடுந்தீவுக்குப் படகில் வேலைக்குப் போய்வருகிறவளுக்கு உலகம் சுற்ற என்ன பயம் என்பதுதான் என் எண்ணம். வீடு இன்னொரு தீவான வேலணையில். காலையில் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் பஸ், அங்கிருந்து படகு. சோளகக் காற்றில் படகு ஏறி ஏறி விழும்போது பக்கத்தில் இருப்பவர் சத்தி எடுப்பார். நான் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அலுவலகக் கடிதங்களுக்கு மனதுக்குள் பதில் எழுதிக்கொண்டிருப்பேன். வருடக்கணக்காக இப்படி ஓடிய பிறகு ஒரு வருடத்துக்குச் சம்பளமில்லாத லீவு கேட்டேன். கிடைத்தது.

வியட்நாம், உஸ்பெகிஸ்தான், ஜோர்ஜியா, துருக்கி, கடைசியில் கென்யா. இதுதான் என் திட்டம். ஒரு நாட்டில் போய் இறங்கும் நாளில் அடுத்த பயணம் எதையும் வைக்கவில்லை. காற்று எழும்பினால் படகு ஓடாது என்று தெரிந்தவர்கள் ஒரே நாளில் இரண்டு பயணத்தை நம்பமாட்டார்கள். டிக்கெட் போட்டுத் தந்த கொழும்புப் பெண், இவ்வளவு இடைவெளி எதற்கு என்று கேட்டாள். படகு பிந்தும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

காற்றைச் சமாளித்துவிடலாம். அம்மாவைத்தான் சமாளிக்க முடியவில்லை.

"ஜோர்ஜியாவோ? அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அம்மா."

"அப்ப என்னத்துக்குப் போறாய்?"

எங்கள் தீவுகளில் நாடு என்றால் அங்கே நம்முடைய ஆள் ஒருவர் இருக்க வேண்டும். சுவிஸ் என்றால் சித்தப்பா, கனடா என்றால் மாமி, பிரான்ஸ் என்றால் அண்ணன். யாராவது அங்கே போகிறார் என்று தெரிந்தால் போதும், வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் பொதியாகி, மேலே பெயர் எழுதப்பட்டு, பெட்டிக்குள் ஏறிவிடும். போகிறவரின் உடுப்புக்கு மிச்ச இடம்.

அண்ணன் போனில் வந்தான். "நீ பேசாமல் இஞ்ச வா. மூண்டு மாசம் நில்லு. பிறகு மாமியிட்டப் போ." என் பயணம் முழுவதையும் இரண்டு வீட்டு அடுப்படிகளுக்குள் முடித்துவிட்டான். அம்மா சும்மா இருப்பாரா? ஊரெல்லாம் விசாரித்து நைரோபியில் எழுவைதீவுக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நல்ல மனிசனாம். முதல் அங்க போ. மற்ற இடங்களைப் பிறகு யோசிப்பம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவை விட்டுப் போகவல்ல, எல்லாருக்கும் மகளாகவும் தங்கச்சியாகவும் இருப்பதிலிருந்து கொஞ்ச நாள் வெளியே நிற்கத்தான் எனக்கு ஆசை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்குத்தான் அம்மா நான் போகப்போறன். ஆள் இருக்கிற இடமெண்டா எனக்கு வேண்டாம்."

அதன் பிறகு அம்மா சாப்பாடு போட்டார், பேச்சு மட்டும் இல்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. டிக்கெட்டையும் மாற்றவில்லை. ஆனால் அம்மா மனம் நொந்திருக்க நான் போய் விமானம் ஏறுவதை நினைக்கக் கஷ்டமாக இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் வீடெல்லாம் ஒரே தும்மல். அம்மா மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். நைரோபிக்காரருக்குத்தான் என்று நினைத்தேன். பெட்டியில் இடமில்லை, கொண்டுபோக ஏலாது என்று சண்டைக்கு ஆயத்தமாகக் குசினிக்குப் போனேன்.

தூளை உறையில் போட்டு, அதற்குமேல் இன்னோர் உறை போட்டு, அம்மா கட்டி முடித்திருந்தார். மேலே பெரிய எழுத்தில் பெயர் இருந்தது. என் பெயர். அந்த வீட்டிலிருந்து எத்தனையோ பொதிகள் போயிருக்கின்றன. என் பெயரை எதிலும் நான் கண்டதில்லை.

"இது என்ன அம்மா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆரும் இல்லாத இடமெண்டாய். இனி அங்க நீ இருக்கிறாய்தானே."

நான் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, நடக்கவென்று வைத்திருந்த இரண்டாவது சோடிச் சப்பாத்தை வெளியே எடுத்து வைத்தேன்.