ரூம் சேஞ்ச் கேட்டு வந்த அஞ்சு

கேரளாவில் கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு மகளிர் ஹாஸ்டலில் பதினோரு வருஷம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அஞ்சுவின் விஷயத்தைத்தான் முதலில் சொல்வேன்.

அஞ்சு விதுரா பக்கத்து எஸ்டேட் தமிழ்க் குடும்பத்துப் பெண். தென்காசி மீனாவும் அவளும் ஒரே வகுப்பு, இரண்டு வருஷமாக ஒரே ரூம். ஒரு நாள் காலையில் ரூம் சேஞ்ச் விண்ணப்பத்தோடு ஆபீஸுக்கு வந்தாள்.

"சண்டையா?"

"சண்டை ஒண்ணும் இல்ல மேடம். நான் பேசும்போது அவ மொபைல்லதான் இருப்பா. ஞாயித்துக்கிழமை அம்மாவைப் பத்தி ஒரு காரியம் சொன்னேன்..."

என் போனில் மெஸ் கேஸ் சிலிண்டர் பற்றி ஒரு மெசேஜ். பதில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"ம், சொல்லும்மா."

"அவ்வளவுதான் மேடம்."

கையெழுத்துப் போட்டேன். வேலை சீக்கிரம் முடிந்ததில் திருப்திகூட.

மத்தியானம் மீனா அழுதுகொண்டே வந்தாள். "பெட்டியெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டா. என்ன செஞ்சேன்னு கேட்டா, 'அம்மாவைப் பத்திச் சொன்னேனே'ங்கிறா. சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல. உங்ககிட்டயாவது சொன்னாளா மேடம்?"

அஞ்சு சொல்லத்தான் வந்தாள். நானும் காதில் வாங்கவில்லை. மீனாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

போனை டிராயரில் போட்டுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு அஞ்சுவின் புது ரூமுக்குப் போனேன்.

"காலையில நீ பேசினதை நான் கவனிக்கலம்மா. தப்பு என்னோடது. இன்னொரு தடவை சொல்லுவியா?"

அஞ்சு மீனாவைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மாவுக்கு மார்புல கட்டி. வியாழக்கிழமை டெஸ்ட். அப்பாவும் இல்ல, ஒத்தைக்குப் போக பயமா இருக்கு, கூட வருவியான்னு கேட்டேன். 'ம், சரி சரி'ன்னே. நான் நம்பிட்டேன் கேட்டியா. மறுநாளே வந்து, வியாழக்கிழமை சினிமாவுக்குப் போலாமான்னு கேக்குற."

மீனா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மீனா பகல் முழுக்க அந்த அம்மாவின் பக்கத்திலேயே இருந்தாளாம். நல்லவேளையாக, ரிசல்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அஞ்சு பழைய ரூமுக்குத் திரும்பவில்லை. மீனா நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். நானும் கேட்டேன்.

"அவமேல கோபம் இல்ல மேடம். ஆனா எதையாவது சொல்ல ஆரம்பிச்சா, இவ கேக்கிறாளான்னு முகத்தைப் பார்த்துப் பார்த்தே பேச வேண்டியிருக்கு."

மெஸ்ஸில் போன் கூடாது என்று மாணவிகளுக்கு போர்டு எழுதி மாட்டியவள் நான். என் மேஜைக்கும் அது பொருந்தும் என்று அன்றுவரை தோன்றவில்லை. ஒருத்தி வாசலில் வந்து நின்றால் போனைக் கவிழ்த்து வையுங்கள். வந்த விஷயத்தைச் சொல்ல அவள் எத்தனை நாள் தயங்கினாளோ. இரண்டாவது தடவையும் வந்து சொல்வாள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.