பதினேழாம் தாள்

சித்தி போய் இருபத்து மூன்று நாளாகிறது. அவள் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது சிவப்புப் பென்சில்கள் பதினொன்று கிடைத்தன. எல்லாம் விரல் நீளத்துக்குத் தேய்ந்தவை. ஒன்றைக்கூடத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

சித்தி முப்பத்தொரு வருடம் ஒரு சோஷலிஸ்ட் வாரப் பத்திரிகையில் பிழை திருத்தினாள். எட்டுப் பக்கப் பத்திரிகை. அச்சகத்துக்கு மேலே இரண்டு அறை; முன்னறையில் ஆசிரியர், பின்னறையில் ஜன்னலோரம் சித்தி. கீழே இயந்திரம் ஓடினால் அவள் மேசையில் தண்ணீர் டம்ளர் ஆடும். அது ஆடுகிற விதத்திலேயே எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவாளாம்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பிழை திருத்துகிறவர் யாரையும் கேட்காமல் ஒரு சொல்லைக்கூட எடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட வேண்டும்; முடிவு எழுதியவருடையது. அவள் போடும் கேள்விக்குறி தனி தினுசு. மேலே பெரிய கொக்கி, கீழே புள்ளிக்குப் பதில் ஒரு சின்ன வட்டம். அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் கேள்விக்குறியம்மா. “ஏம்மா, உங்க வீட்டுல உப்பு டப்பா மேலயும் கேள்விக்குறி போட்டு வெச்சிருப்பீங்களா?” என்பாராம் இயந்திரக்காரர். உண்மையில் போட்டிருந்தாள். ஒரு தடவை உப்பு என்று நினைத்துச் சர்க்கரையைக் கொட்டிய பிறகு.

ஆசிரியர் இறந்ததும் அவருடைய காகிதங்களை அடுக்கும் வேலை சித்தியிடம் வந்தது. கடிதங்கள், கையெழுத்துப் பிரதிகள், சமாதானக் கூட்டங்களின் தீர்மானங்கள், சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய அட்டைகள். இரண்டு வருடம் உட்கார்ந்து முப்பத்தெட்டுப் பெட்டிகளாகக் கட்டி நூலகத்துக்குக் கொடுத்தாள். நூலகத்தார் ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, அந்தப் பெட்டிகளைப் படித்த ஆராய்ச்சியாளர் ஒருவர் ஒரு கட்டுரை எழுதினார். போர் மூண்ட வாரத்தில் ஆசிரியர் தலையங்கப் பத்தியை வெறும் வெள்ளையாக விட்டது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரம் ‘சண்டையை நிறுத்துங்கள்’ என்று எழுதினார். பதினான்கு மாதம் சிறை. ஆராய்ச்சியாளர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அந்த வாரத்துக் கோப்பில் பதினேழாம் தாள் ஒரு துண்டுச் சீட்டு. அதில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி, வேறு எதுவும் இல்லை. ‘போரின் முன்னால் ஒரு சிந்தனையாளர் எழுப்பிய சொல்லற்ற கேள்வி’ என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தார்.

சித்திக்கு அதைப் படித்துக் காட்டினேன். முதலில் இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

போன மாதம் ஆஸ்பத்திரியில்தான் சொன்னாள். “அந்தச் சீட்டை நான் வெச்சேன்டி. அங்க இருந்த தாளை எடுத்துட்டு, அந்த இடத்துல வெச்சேன்.”

“எந்தத் தாளை?”

“என் பழைய அகராதில இருக்கு பாரு. ஒரே ஒரு தடவை. யாரையும் கேக்காம எடுத்துட்டேன். அதைத் திரும்ப வெச்சுடு. நான் செஞ்ச வேலையில அது ஒண்ணுதான் பொய்.”

நான்கு நாள் கழித்துப் போய்விட்டாள்.

அகராதியில் இருந்தது. ஆசிரியர் கையெழுத்தில் ஒரு தலையங்கம். போரை ஆதரித்து. ‘இது வாதாடும் நேரமல்ல, ஆயுதம் ஏந்தும் நேரம்’ என்று தொடங்குகிறது. எழுத்துகள் வரிக்கு வரி சரிந்திருக்கின்றன. தாளில் போட்டிருந்த தேதியன்று மத்தியானம்தான், சமாதானம் பேசும் பத்திரிகை என்று ஒரு கூட்டம் அச்சகத்தின் மீது கல்லெறிந்தது; இயந்திரக்காரருக்கு நெற்றி பிளந்து ஏழு தையல். இதெல்லாம் நான் சிறுமியாய் இருந்தபோதே கேட்டதுதான். அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்து இதை எழுதினார் என்பதுதான் புதிது.

ஓரத்தில் சித்தியின் கொக்கியும் வட்டமும். கீழே அவள் எழுத்து: ‘ஐயா, இதை நான் திருத்த மாட்டேன். காலையில் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.’ அதற்கும் கீழே, நேரான எழுத்தில், ஆசிரியர்: ‘படித்தேன். நிறுத்திவிடுங்கள். இடம் அப்படியே வெள்ளையாக இருக்கட்டும்.’

நூலகத்தில் விசாரித்தேன். புதிதாக ஒரு தாளைச் சேர்க்க ஆசிரியரின் வாரிசு கையெழுத்துப் போட வேண்டும் என்றார் காப்பாளர். வாரிசு அவருடைய மகள். ஓய்வு பெற்ற ஆசிரியை, எங்களுக்கு டீச்சர். சித்தி மடியில் வளர்ந்தவர்; சித்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

“இதை அப்பாவா எழுதினார்?”

“ஆமா, டீச்சர்.”

“அக்கா இதை மறைச்சது நல்லதுக்குத்தானே? அப்புறம் எதுக்கு இப்ப இதை என் கையில கொண்டுவந்து குடுக்கற?”

“திரும்ப வைக்கச் சொன்னாங்க.”

“சொல்லுவா. அவ நிம்மதியா போயிட்டா. நாளைக்குப் பேப்பர்ல போடுவான், சமாதானம் பேசினவர் சண்டைக்குக் கொடி பிடிச்சார்னு. அதைப் படிக்கப் போறது நான்தானே?”

நூலகத்துக்குப் பெட்டிகளைக் கொடுத்த பிறகும் சித்தியே பதினோரு வருடம் கொடுக்காமல் வைத்திருந்த தாள் அது.

“இங்கேயே இருக்கட்டும். யோசிக்கிறேன்” என்றார். கொடுத்துவிட்டு வந்தேன். படியிறங்கும்போதே தப்புச் செய்துவிட்டோம் என்று பட்டது. அவர் அதைக் கிழித்துப் போட்டால் கேட்க ஆள் கிடையாது. சித்தியின் கடைசிச் சொல்லும் அதோடு போய்விடும். ஒன்பது நாள் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டேன்.

பத்தாம் நாள் அழைத்தார். “நூலகத்துக்கு வா. காலையில பத்து மணிக்கு.”

போனபோது வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பள்ளிக்கூட அட்டைக் கோப்பு.

“கல்லெறிஞ்ச மறுநாள் காலையில அப்பா காப்பி கூடக் குடிக்காம ஆபீஸ் போனார். எனக்கு எட்டு வயசு. கல்லெறிஞ்சவங்க மேல கோபம்னு நெனச்சேன்” என்றார். “இதைப் படிக்கத்தான் போயிருக்கார்.” சிறிது நேரம் கோப்பைத் தடவிக்கொண்டிருந்தார். “நான் முப்பது வருஷம் பசங்க நோட்டைத் திருத்தியிருக்கேன்மா. அடிச்சு எழுதினதுக்கு நான் மார்க் குறைச்சதே இல்ல.”

உள்ளே காப்பாளர் படிவத்தை நீட்டினார். டீச்சர் கையெழுத்துப் போட்டார். காப்பாளர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கறுப்பு மை ஆசிரியர் எழுத்து. சிவப்புப் பென்சில் யாருது? ‘அடையாளம் தெரியாத மற்றொருவர்’னு போட்டுடவா?”

“ஏன் தெரியாது? எங்க பத்திரிகையோட பிழை திருத்துநர். கேள்விக்குறியம்மான்னு அச்சகமே கூப்பிடும்” என்றார் டீச்சர். குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது. “எழுதுங்க. நான் பார்க்கிறேன்.”

காப்பாளர் எழுதத் தொடங்கி நிறுத்தினார். எழுந்துபோய் அந்த வாரத்துக் கோப்பைக் கொண்டுவந்து பிரித்தார். பதினேழாம் சீட்டின் கொக்கியையும் வட்டத்தையும் பார்த்தார். தாளின் ஓரத்தைப் பார்த்தார்.

“ஐயோ, இதுக்கு ஒருத்தர் ரெண்டு பக்கம் எழுதியிருக்காரே!”

டீச்சர் சிரித்துவிட்டார். சித்தி சிரித்த அதே மாதிரி, இருமல் வரும்வரை.

“அப்ப இந்தச் சீட்டை எடுத்துடலாம் இல்லையா?” என்று கேட்டேன். “அதோட வேலை முடிஞ்சதே.”

“எண் போட்ட எதையும் எடுக்க முடியாதுங்க” என்றார் காப்பாளர். “எடுத்தா ஏன் எடுத்தோம்னு அந்த இடத்துல ஒரு சீட்டு வைக்கணும்.”

தாளுக்குப் பதினேழு-அ என்று எண் போட்டார். மெல்லிய பென்சிலில், மேல் மூலையில். சித்தியின் சீட்டுக்குப் பின்னால் அதை வைத்துக் கோப்பை மூடி நாடாவைக் கட்டினார்.