எலும்புக்கூடு பனியனும் பாலன் தாலாட்டும்

கிறிஸ்துமஸ் பாட்டை எலக்ட்ரிக் கிட்டார்ல வாசிக்கிறேன்னு எவனாவது கிளம்பினா எனக்குப் பத்திக்கிட்டு வரும். வாசிக்கட்டும், யாரு வேணாங்குறா? ஆனா பாட்டை வாசிக்கணும். எங்க சித்தப்பா மகன் வாசிக்கிறதுக்குப் பேரு பாட்டு இல்ல. மாவு மில்லுல ஆணி மாட்டிக்கிட்ட சத்தம்.

பயலுக்குப் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. போன டிசம்பர்ல ஊருக்கு வந்தப்ப கிட்டாரும், காலால மிதிக்கிற ஒரு பொட்டியுமா வந்து எறங்கினான். கிறிஸ்துமஸ் கொழந்தை சிலையைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போற பாலன் பவனிக்குப் போட்டுக்கிட்டு வந்தது கருப்பு பனியன். நெஞ்சுல எலும்புக்கூடு. வெளங்கிரும்!

"அக்கா, நம்ம பழைய பாட்டெல்லாத்தையும் ராக் ஸ்டைல்ல பண்ணப் போறேன்"னான்.

"பண்ணு, பண்ணு. தொட்டில்ல கெடக்குற பாலன் எந்திரிச்சு ஓடட்டும்"னேன். அதையும் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டுப் பல்லைக் காட்டினான்.

எங்க ஊரு ஆவூருக்குப் பக்கம். கேரல் போறப்ப வீட்டுக்கு ஒரு பாட்டு. பாட்டு முடிஞ்சதும் அந்த வீட்டுப் பெரியவங்க பாலன் சுரூபத்தோட பாதத்துல முத்தம் குடுத்து முத்தி செய்யணும். கடைசியா எங்க வீடு, ஏன்னா கோயில் பாடகர் குழுவை ரொம்ப காலம் நடத்தினவர் எங்கப்பா. அவர் வீட்டுல அவரோட ஆர்மோனியத்துல பழைய தாலாட்டை வாசிச்சாத்தான் பவனி முடிஞ்சதாக் கணக்கு. அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சதுலேருந்து வாசிக்கிறது நான். ஒரு நாளாவது "நல்லாருக்கு"ன்னு சொன்னதில்ல. விரலையே மொறைச்சுப் பாப்பார். அம்புட்டுத்தான்.

பய கிட்டாரோட வர்றதுக்கு முந்தின வருஷமே அவருக்குக் காது சுத்தமாப் போச்சு. மெஷின் வாங்கிக் குடுத்தோம். இரையுதுன்னு கழட்டித் தண்ணிப் பானைக்குள்ள போட்டுட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்க தாலாட்டு முழுசையும் பாடி முடிச்சு, பாலனை அவர் முன்னால நீட்டினோம். அவர் காத்துக்கிட்டே இருந்தார். அப்புறம், "பாட்டே பாடாம எதுக்குப் பாலனைத் தூக்கிட்டு அலையிறீங்க?"ன்னு மொகத்தைத் திருப்பிக்கிட்டார். முத்தி செய்யல. கூட்டம் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போச்சு. அந்த வருஷம் பூரா, "பாலன் என் வீட்டுக்கு வரல"ன்னு போறவங்க வாரவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுக் கெடந்தார்.

இந்தத் தடவையாவது அந்தத் தாலாட்டு அவர் காதுல விழணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. காதோரம் வாயை வச்சுக் கத்திப் பாடிப் பழகினேன். "ஏன்டி எச்சில் தெறிக்குது"ன்னார்.

பவனியன்னிக்கு நம்ம கிட்டார் கலைஞர் திருக்கோகர்ணத்துலேருந்து ஆளு ஒசர ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்தாந்து குட்டியானை வண்டியில ஏத்திட்டார். முதல் தெருவுலயே ஒரு கன்னுக்குட்டி கயித்தை அத்துக்கிட்டு ஓடிச்சு. பாடுற புள்ளைக வாய் அசையுது, சத்தம் கேக்கல. ஊர்ப் பெருசுக எல்லாம் "வாலிபப் புள்ளைக, உற்சாகம்"னு தலையாட்டுதுக. காதுல பஞ்சு வச்சுக்கிட்டு என்ன தலையாட்டல் வேண்டிக்கெடக்கு?

எங்க வாசல்ல வண்டி நின்னதும் அவன்கிட்ட போனேன். "இங்கிட்டு மட்டும் ஒன் கூத்து வேணாம். தாலாட்டுக்கு ஆர்மோனியம்தான்."

"சரிக்கா."

அப்பா வாசலுக்கு முதுகைக் காட்டிக் கட்டில்ல உக்காந்திருந்தார். பக்கத்துல ஆர்மோனியத்தை வச்சு ஆரம்பிச்சேன். புள்ளைக பாடினாங்க. அப்பா என் விரலைப் பாத்தார், பாடுறவங்க வாயைப் பாத்தார். அதே மொகம். மெதுவா அதைத் திருப்பிக்கப் போனார்.

அப்பத்தான் அந்த எருமை வாக்கு மாறினான். வெளியில இருந்து அதே தாலாட்டு, கிட்டார்ல. ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து, முறுக்கி, கதறவிட்டான். தாலாட்டாம்! அந்தச் சத்தத்துல ஒரு புள்ளை தூங்குச்சுன்னா டாக்டரைத்தான் கூப்பிடணும். ஜன்னல் கதவு அதிருது, அலமாரியில டம்ளர் ஆடுது. எந்திரிச்சுப் போயி அவன் கன்னத்துல ஒண்ணு விடலாம்னு துருத்தியிலேருந்து கையை எடுக்கப் போனேன்.

அப்பாவோட விரல் கட்டில் சட்டத்துல தாளம் போட்டுக்கிட்டு இருந்துச்சு.

நான் அசையல. துருத்தியை விடாமப் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கிட்டார். கிட்டார் கடைசி வரிக்கு வந்து நின்னதும் ரெண்டு கையையும் நீட்டிப் பாலனை வாங்கி, பாதத்தை முத்தி செஞ்சார். ரொம்ப நேரம் ஒதட்டை எடுக்கல. புள்ளைக அழுதுருச்சுக. நானுந்தான்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, ஆர்மோனியத்து மேல கிடந்த என் கையைத் தட்டிக் குடுத்தார்.

"இன்னிக்குத்தான்டி நீ உருப்படியா வாசிச்சே."

வாசல்ல அந்தப் பய எலும்புக்கூட்டு மேல கிட்டாரைச் சாய்ச்சுக்கிட்டு நின்னான். அவனுக்கும் கேட்டுருச்சு. நல்லவேளை, சிரிக்கல.

"இன்னொருக்கா வாசி, ஆத்தா"ன்னார் அப்பா.

கையை ஆர்மோனியக் கட்டையில வச்சுக்கிட்டு, வாசலைப் பாத்து அவனுக்குத் தலையாட்டினேன்.