சித்தியின் கன்னச் சிவப்பு

எங்கள் குடும்பத்தில் அழகி என்று பெயர் வாங்கியவள் சித்தி ஒருத்திதான். அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அம்மாதான் அவளை முதுநகருக்குக் கூட்டி வந்து, எங்கள் வீட்டிலேயே வைத்து வளர்த்து, காலேஜ் வரை படிக்கவும் வைத்தாள். சித்தியும் எங்களைப் போல மாநிறம்தான். ஆனால் வெயிலில் போய்விட்டு வந்தால் அவள் கன்னம் இரண்டும் சிவந்துவிடும். மூக்குத் தண்டையும் சேர்த்து ஒரே சிவப்பு. இரண்டு மூன்று நாளைக்கு இறங்காது. அக்கம்பக்கத்தில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. நானே விட்டிருக்கிறேன். அப்போது நான் நான்காம் வகுப்பு; சுனாமிக்கு மறு வருஷம்.

சிவப்போடு கூடவே சித்திக்கு விரல் மூட்டுகளில் வலியும் வந்து சேர்ந்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. எனக்குச் சடை பின்னுவது அவள் வேலை என்பதால் பல நாள் நான் கோணல் சடையோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். இளவெயில் எலும்புக்கு நல்லது என்று அம்மா அவளைத் தினமும் மொட்டை மாடியில் உட்கார வைப்பாள். வலி ஜாஸ்தியானால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைப்பாள். அம்மாவின் வைத்தியத்தில் பாதி வெயில், மீதி விளக்கெண்ணெய்.

கடைசியில் சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை எழுதினார். கூடவே ஒரு கிரீமும் எழுதினார். வெயில் உனக்கு ஆகவே ஆகாது, குடையில்லாமல் வெளியே போகாதே, இதை மறக்காமல் தடவிக்கொள் என்று சித்தியிடம் இரண்டு தரம் சொன்னார். அம்மா அது சிவப்பழகு கிரீமா என்று கேட்டாள். வெயிலைத் தடுக்கிற கிரீம் என்றார். பஸ்ஸில் வரும்போது அம்மாவுக்கு ஆறவே இல்லை.

"நாம என்னா வெள்ளக்காரங்களா? நம்ம தோலுக்கு வெயிலு என்னா பண்ணிடும்? சினிமாக்காரிங்க பூசறத எழுதிக் குடுத்திருக்காரு."

மாத்திரை உடம்புக்குச் சூடு என்று அதையும் அம்மா பாதியிலேயே நிறுத்திவிட்டாள். சித்தி மட்டும் குடையையும் கிரீமையும் விடவில்லை. கிரீம் தடவினால் முகம் விபூதி பூசியது போல வெளுத்துவிடும். அழகான சிவப்பைப் போய் இப்படி மறைக்கிறாளே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

வைகாசியில் சிதம்பரம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். திருவந்திபுரம் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. கோயில் என்றால் ஒரு வசதி உண்டு. பிடிக்காவிட்டால் சாமி கும்பிடத்தான் வந்தோம் என்று இரண்டு தரப்பும் மரியாதையாகப் பிரிந்துவிடலாம். புறப்படும்போது அம்மா சித்தியின் கையிலிருந்து கிரீம் டியூபைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

"அக்கா, டாக்டர் வெயிலே வேணாம்னாருக்கா."

"ஒரு நாளு வெயிலு பட்டா ஒண்ணும் ஆயிடாது. ஒனக்குக் கன்னம் செவந்தாதான்டி களையே. கொடையோட நின்னா சீக்குக்காரப் பொண்ணுன்னு நெனப்பாங்க."

சித்தி குடையையும் மூலையில் சாத்திவைத்தாள். வளர்த்த அக்காவிடம் அதற்கு மேல் பேச அவளுக்கு வராது.

காலையிலேயே வருவதாகச் சொன்னவர்கள் உச்சி வெயிலுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அதுவரை கோயிலை ஒட்டிய மலைப்படிக்குக் கீழே அம்மா சித்தியை வெயிலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். அவள் நிழலுக்கு நகரும்போதெல்லாம் "இன்னுங் கொஞ்ச நேரம்டி" என்று தோளைப் பிடித்துத் திருப்பினாள். மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் முகவாயைத் தொட்டுப் பார்த்தார்.

"பவுடர்கூடப் பூசல. கன்னம் ரெண்டும் தானா எப்படிச் செவந்திருக்கு பாருங்க. என்னா களை!"

அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அங்கேயே ஆவணி முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள்.

மறுநாள் சித்திக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு காலும் முகமும் வீங்கின. சிதம்பரத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நோய் சிறுநீரகம் வரை போய்விட்டது என்றார்கள். லூபஸ் என்ற அதன் பெயரை நான் பெரியவளான பிறகுதான் கேள்விப்பட்டேன். கன்னச் சிவப்பே அந்த நோயின் அடையாளம்தான். மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு நாள் வெயிலால்தான் எல்லாம் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆனால் அம்மா அதன் பிறகு திருவந்திபுரம் பக்கமே போனதில்லை. சொந்தக்காரர் கல்யாணம் அங்கே நடந்தாலும் எங்களைத்தான் அனுப்புவாள்.

ஆவணி பிறப்பதற்குள் சித்தி போய்விட்டாள். அதற்கு முன் சில நாள் வீட்டில் இருந்தாள். அப்போது எங்கள் பள்ளியில் சுதந்திர தினத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாரத மாதா வேஷத்துக்கு நானும் இன்னொருத்தியும் போட்டி. அவள் என்னைவிட நிறம். எனக்கு வழி தெரியாதா என்ன? மத்தியானம் அம்மா அசந்த நேரம் மொட்டை மாடிக்கு ஏறிப்போய், முகத்தை அண்ணாந்து, கண்ணை மூடி நின்றேன்.

"எதுக்குடி இங்க நிக்கற?"

கண்ணைத் திறந்தால் சித்தி. கட்டிலிலிருந்து எழவே அம்மா பிடித்துக்கொள்ள வேண்டியவள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அத்தனை படியும் ஏறி வந்திருந்தாள். வீங்கிய பாதம் சுடுதளத்தில் செருப்பில்லாமல் நின்றது. உன்னை மாதிரிக் கன்னம் சிவக்கத்தான் என்றேன். பளாரென்று ஒரு அறை விட்டாள். அதுவரை சித்தி என்னை அடித்ததே இல்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று கீழே இழுத்து வந்து, அலமாரியிலிருந்து அந்த டியூபை எடுத்து, மிச்சமிருந்தது முழுவதையும் என் முகத்தில் அப்பினாள். மடங்காத விரலால் நெற்றி, கன்னம், காது என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அழுதாள்.

நானும் அழுதேன். கண்ணாடியில் என் முகம் விபூதி பூசியது போல வெளுத்துக் கிடந்தது. என் கன்னமும் சிவந்துவிட்டால் வீட்டில் இன்னொரு அழகி வந்துவிடுவாள் என்று சித்திக்குப் பொறாமை. அப்படித்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.